பாக் நீரிணையில் ஓர் அரை மணி

தனுஷ்கோடிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? அரிச்சல்முனை என்று சொல்லப்படும் மணல் நுனியில் நின்று பார்த்தால் முன்னே தெரிவதெல்லாம் கடல்தான். அந்தக் கடலுக்கு அப்பால், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், இலங்கையின் தலைமன்னார் இருக்கிறது. சூரியன் முதலில் தலைமன்னாரில் உச்சிக்கு வருகிறது. பிறகுதான் இராமேஸ்வரத்தில் உச்சிக்கு வருகிறது. இடையில் எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்கு எளிதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். இராமேஸ்வரத்தின் தீர்க்கரேகை கிழக்கு 79.31 பாகை, தலைமன்னாருடையது ஏறத்தாழ 79.73 பாகை. வேறுபாடு 0.42 பாகை. அதாவது சூரியன் இக்கடலைக் கடக்க ஏறக்குறைய 100 விநாடி போதும்.

ஆனால் 1996 மே 25 முதல் சுமார் ஐந்து மாதங்கள் இலங்கையின் அரசாங்கக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. அதன்பின் ஒன்பதரை ஆண்டுகள் அரை மணி நேரம் முன்னே ஓடியது. சூரியன் காட்டிய வேறுபாடு 100 விநாடி. மனிதர்கள் வைத்த வேறுபாடு 1,800 விநாடி! இந்த அரை மணி எப்படி வந்தது, எப்படிப் போயிற்று, அது இன்றும் கணிப்பொறிக்குள் இருந்துகொண்டு என்ன தொல்லை கொடுக்கிறது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முதலில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா மண்டபத்துக்கு அருகே ஒரு கடலோர ஊரில் சிறு கடை வைத்திருந்தார். படகுக்காரர்களுக்கு ஐஸ், டீசல், கயிறு எல்லாம் கடனுக்குக் கொடுப்பார். எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். எங்கள் கரையில் அக்காலத்தில் இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். சுவர்க் கடிகாரத்தை அந்த வானொலியின் மணி அறிவிப்பைக் கேட்டுத்தான் அவர் திருத்துவார். நோட்டின் முதல் பக்கத்திலேயே 'நேரம்: இலங்கை வானொலிப்படி' என்று எழுதியிருந்தார்.

1996-இல் நான் சிறுவன். மே மாதம் ஒரு நாள் காலை சுவர்க் கடிகாரம் ஆறு காட்ட, வானொலி ஏழு என்றது. தாத்தா வானொலியை நம்பினார். முள்ளை ஒரு மணி முன்னே தள்ளினார். மறுநாளோ அதற்கு மறுநாளோ, இராமநாதபுரம் போகும் காலைப் பேருந்துக்காகச் சாலையில் போய் ஒரு மணி நேரம் நின்றார். வீட்டுக்குத் திரும்பியதும் கடிகாரத்தைப் பழையபடி பின்னுக்குத் திருப்பினார். பேருந்தை அவர் அன்றே மன்னித்துவிட்டார். வானொலியை நெடுநாள் மன்னிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் இந்த நோட்டைக் கணிப்பொறியில் ஏற்றினார். படகுகள் புறப்படும் நேரம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவருடைய திட்டப்பணி. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, எல்லா நேரங்களையும் 'கொழும்பு' நேரம் என்று குறித்தார். கணிப்பொறி சொன்னபடி செய்தது. அனைத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, அழகான வரைபடமும் போட்டுக் கொடுத்தது. வரைபடத்தில், 1996 மே கடைசியிலிருந்து எல்லாப் படகுகளும் திடீரென்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பத் தொடங்கியிருந்தன. அக்டோபர் கடைசியில் அது அரை மணியாகக் குறைந்தது. "மீன் வரத்து அந்த ஆண்டு மாறியிருக்கும் போலிருக்கிறது, சார்" என்றார் மாணவர். காரணம் தேடி ஒரு பக்கம் எழுதியும் விட்டார்.

எங்களைக் காப்பாற்றியது பாம்பன் ரயில். தாத்தா சில நாட்களில் 'காலை ரயில் பாலம் ஏறியபோது' என்று நேரம் எழுதியிருந்தார். வரைபடத்தில் அந்த ரயிலும் அதே மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்திருந்தது! மீனைப் பார்த்துப் படகு நேரத்தை மாற்றலாம், ரயில் மாற்றுமா? அப்போதுதான் விஷயம் புரிந்தது. தாத்தா கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியது கணிப்பொறிக்குத் தெரியாது. அது கொழும்பின் கணக்கை மட்டும் அறியும்.

அது எப்படி அறியும் என்று கேட்கிறீர்களா? அதைத் தெரிந்துகொள்ள, கணிப்பொறிக்குள் காலம் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான கணிப்பொறிகள் தேதியையும் மணியையும் நம்மைப் போல் வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு 12 மணியைப் பூஜ்யமாகக் கொண்டு, அதிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற ஒரே எண்ணை எண்ணிக்கொண்டிருக்கின்றன. யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையில் தோன்றிய வழக்கம் இது. நம் ஊர்க் கடிகாரப்படி அந்தப் பூஜ்யம் 1970 ஜனவரி 1 காலை 5.30 மணி.

ஓர் எண்ணை நாமே மாற்றிப் பார்ப்போம். 100 கோடி என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால் 11,574 நாட்கள். மீதி 6,400 விநாடி. 1970 முதல் 2000 முடிய 31 ஆண்டுகள், அவற்றுள் 8 லீப் ஆண்டுகள். ஆக 11,323 நாட்கள். எஞ்சிய 251 நாட்களை 2001 ஜனவரியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 9-இல் வந்து நிற்கும். 6,400 விநாடி என்பது 1 மணி 46 நிமிடம் 40 விநாடி. எனவே அந்தக் கணம் 2001 செப்டம்பர் 9, உலகப் பொது நேரம் 1.46.40. இராமேஸ்வரத்தில் அப்போது காலை 7 மணி 16 நிமிடம் 40 விநாடி. கொழும்பில்? 7 மணி 46 நிமிடம் 40 விநாடி. இன்று இதே கணக்கைப் போட்டால் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் வரும். ஆக, எண்ணை உலகப் பொது நேரமாக்க வகுத்தல் தெரிந்தால் போதும். அதை ஓர் ஊரின் நேரமாக்க அந்த ஊரின் வரலாறு தெரிய வேண்டும்.

வரலாற்றுக்கே வருவோம். நமக்கு இந்த ஐந்தரை மணி எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரம். சூரியன் உச்சிக்கு வந்தால் அவ்வூரில் நடுப்பகல். கப்பலும் தந்தியும் ரயிலும் வந்த பிறகுதான் இது போதாமல் போயிற்று. நம் மாநிலத்தில் இதன் கதை சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறது. வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு ஒரு வான் ஆய்வுக்கூடம் வைத்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைக் கவனித்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். சென்னை நேரத்துக்கு அதுதான் அடிப்படை. (இதே கோல்டிங்காம் சென்னையில் பீரங்கி வெடிகளைக் கொண்டு ஒலியின் வேகத்தையும் அளந்தவர். இயற்பியல் மாணவர்கள் அவரை அந்த வகையிலும் நினைவில் வைக்கலாம்.) அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள்.

சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம்; பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம். கல்கத்தா தலைநகர், பம்பாய் பெரிய துறைமுகம். இருந்தும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ஓடியது சென்னை நேரத்தில்! இரண்டுக்கும் நடுவே இருந்ததும், வான் ஆய்வுக்கூடத்திலிருந்து தந்தி வழியே நேரத்தை அனுப்ப முடிந்ததும் சென்னைக்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தன எனலாம்.

அப்போது இலங்கையின் நேரம் 5 மணி 19 நிமிடம் 32 விநாடி. சென்னை நேரத்துக்கும் அதற்கும் வேறுபாடு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். பிறகு 1906-இல் இந்தியா 82.5 பாகை தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு 5.30 மணி என்ற திட்ட நேரத்தை ஏற்றது. இலங்கையும் அதே ஆண்டு அதே நேரத்துக்கு மாறியது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் தனி நேரத்தை விட மனமில்லாமல் இருந்தன என்பது வேறு கதை.

இந்த மாற்றத்தால் நாம் சூரியனைவிட்டு எவ்வளவு விலகினோம்? 82.5-இலிருந்து 79.31-ஐக் கழித்து 4-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 13 நிமிடம். அதாவது இராமேஸ்வரத்தில் சூரியன் சராசரியாகப் பகல் 12.13-க்குத்தான் உச்சிக்கு வரும். ஒரு கம்பை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். பிப்ரவரியில் 12.27 வரை போகும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கே சில நிமிடம் முன்னால் வந்துவிடும். சராசரிதான் 12.13.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு சேரும் 'போட் மெயில்' பயணம் அதன் பிறகு வந்தது. கடலைக் கடந்து அயல் தீவுக்குப் போன பயணி தம் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போதுகூட, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இருநாட்டுக் கடிகாரங்களும் ஒரே அளவாக ஒரு மணி முன்னே நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும்போது, எழுதியிருப்பது யுத்த கால நேரமா என்று விசாரிக்க வேண்டும். ஜோதிடத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விசாரணை சரியானதே.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. 1980-களில் அதுவும் நின்றது. கப்பல் நின்ற பிறகுதான் கடிகாரங்கள் பிரிந்தன என்பதைக் கவனியுங்கள்.

1996-இல் இலங்கையில் மழை பொய்த்தது. மின்சாரத்துக்குப் பெரிதும் நீர்மின் நிலையங்களை நம்பியிருந்த நாடு அது. நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்வெட்டு வந்தது. மாலையில் விளக்கேற்றும் நேரத்தைச் சுருக்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று, மே 25 நள்ளிரவில் கடிகாரத்தை ஒரேயடியாக 1 மணிக்குத் தள்ளினார்கள். அக்டோபர் 26 அன்று இரவு 12.30-ஐ 12 ஆக்கி, அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற அரை மணி அப்படியே நின்றுவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. கோடையில் நெடும்பகல் காணும் நாடுகளின் உத்தி இங்கே எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருந்தது என்ற குறையும் எழுந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இலங்கையின் வடக்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய ஐந்தரை மணியையே வைத்துக்கொண்டன. ஆகவே ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தால் அரை மணி மாறும்.

2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30-க்கு இலங்கை தன் கடிகாரத்தை 12-க்குத் திருப்பியது. சித்திரைப் புத்தாண்டு நாள் முடிந்த இரவு அது. இராமேஸ்வரத்தில் அப்போது சரியாக நள்ளிரவு 12 மணி. பத்தாண்டு பிரிந்திருந்த இரண்டு கரைகளின் முட்களும் அந்தக் கணத்தில் மீண்டும் ஒன்றாயின.

இப்போது ஒரு கேள்வி. அன்றிரவு கொழும்பில் ஒரு குழந்தை '12.10-க்குப்' பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். எந்த 12.10? அன்று 12-க்கும் 12.30-க்கும் இடைப்பட்ட நேரம் இருமுறை வந்ததே! அதற்கு மாறாக 1996 மே 25 அன்று, கொழும்புக் கடிகாரப்படி 12.10 என்ற நேரமே வரவில்லை. எண்ணிலிருந்து ஊர் நேரத்துக்கு மாற்றும்போது விடை எப்போதும் ஒன்றே. ஊர் நேரத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பும்போது சில வேளைகளில் இரண்டு விடை, சில வேளைகளில் விடையே இல்லை. நிரல் எழுதும் மாணவர்கள் இதை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய மாற்றங்களையெல்லாம் திரட்டிய அட்டவணை ஒன்று உலகக் கணிப்பொறிகளுக்குப் பொதுவாக இருக்கிறது. உங்கள் கைப்பேசிக்குள்ளும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். 1980-களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் அதைத் தொடங்கினார். பிறகு பால் எக்கர்ட் என்பவர் முன்னின்று பராமரித்து வருகிறார். நாட்டின் பெயருக்குப் பதில் நகரத்தின் பெயரைச் சொல்லி 'ஆசியா/கொல்கத்தா', 'ஆசியா/கொழும்பு' என்று அதில் பகுதிகளைக் குறிக்கிறார்கள். 2011-இல் ஓர் அமெரிக்க ஜோதிட நிறுவனம், பழைய நேர மாற்றங்களின் விவரம் தன் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அவ்விருவர்மேலும் வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு அதைக் கைவிட்டது. ஜாதகக்காரருக்கும் கணிப்பொறிக்காரருக்கும் ஒரே விவரம் தேவைப்படுவதை இதிலிருந்து அறியலாம்.

அட்டவணையில் இலங்கைக்கு ஒரே வரிசைதான் உண்டு, அது கொழும்பினுடையது. 1996-க்கும் 2006-க்கும் இடையே கிளிநொச்சியில் எழுதிய ஒரு குறிப்பை அதைக் கொண்டு மாற்றினால் விடை பிழையாகும். மண்டபத்தில் என் தாத்தா எழுதிய நோட்டுக்கு நேர்ந்ததும் அதுவே.

தாத்தாவின் நோட்டில் பிழை வந்தால் ஒரு மாணவரின் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கடலில் அப்படியல்ல. இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்த ஒப்பந்தத்தின்படி கடல் எல்லை கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு கடல் மைல் தூரத்தில் செல்கிறது. ஒரு விசைப்படகு மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் போகிறது என்போம். அரை மணியில் அது 4 கடல் மைல், அதாவது சுமார் 7.4 கிலோமீட்டர் போய்விடும். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி தன் தடத்தை ஒரு நேரத்தில் பதிகிறது. மறுகரையில் ஒருவர் தம் குறிப்பேட்டில் 'இரவு 9.30' என்று இன்னொரு நேரத்தில் எழுதுகிறார். 2000-ஆம் ஆண்டில் இவ்விரு '9.30'-களும் ஒரே கணமல்ல. கருவியின் 9.30-இல் படகு எல்லைக்கு உள்ளே இருக்கலாம், குறிப்பேட்டின் 9.30-இல் வெளியே இருக்கலாம். இரண்டுமே பொய்யல்ல. படகு எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்துச் சிலருடைய சிறைவாசமும் ஒரு குடும்பத்தின் படகும் முடிவாகும்போது, 'யாருடைய 9.30?' என்று கேட்காமல் விடலாமா? அந்தப் பத்தாண்டுப் பதிவுகளை யார் இன்று எடுத்துப் படித்தாலும், கைப்பேசியில் இரு நாட்டுக்கும் ஒரே நேரம் காட்டுவதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

அரை மணியை விட்டு, இனி ஒரே ஒரு விநாடிக்கு வருவோம். மேலே 100 கோடியை 86,400-ஆல் வகுத்தோமே, அதில் ஒரு சின்ன ஏமாற்று இருந்தது. எல்லா நாளுக்கும் 86,400 விநாடி என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் சில நாட்களுக்கு 86,401 விநாடி!

1967 முதல் விநாடி என்பது சீசியம் அணுவைக் கொண்டு வரையறுக்கப்பட்டது: அதன் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகள் ஒரு விநாடி. அணு சலிப்பதில்லை. பூமியோ அப்படி ஒழுங்காகச் சுற்றுவதில்லை. நிலவு கடலில் எழுப்பும் ஓதத்தின் இழுப்பால் அதன் சுழற்சி நீண்ட காலப் போக்கில் தளர்கிறது. இடையே சற்று விரைவதும் உண்டு. எனவே அணுக் கடிகாரமும் பூமியும் மெல்ல மெல்லப் பிரிகின்றன. 1972 முதல் இந்தப் பிரிவு ஒரு விநாடியை எட்டாதபடி, தேவைப்படும்போது ஜூன் அல்லது டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு விநாடியைச் சேர்த்து வந்தார்கள். இதுவே மிகை விநாடி, அல்லது லீப் விநாடி. உலகப் பொது நேரத்தின் நள்ளிரவில் அதைச் சேர்ப்பதால், நமக்கு அது காலை 5.30-க்கு முந்திய விநாடி. கடிகாரம் 5.29.59-க்குப் பிறகு 5.29.60 என்று காட்ட வேண்டும். 1972 முதல் 2016 முடிய இப்படி 27 விநாடிகள் சேர்ந்தன. கடைசியாக அது வந்தது நமக்கு 2017 புத்தாண்டுக் காலையில்.

ஒரு விநாடிக்கு ஏன் இத்தனை பாடு? பழைய மாலுமியைக் கேளுங்கள். சூரியனையும் விண்மீன்களையும் கோணமானியால் அளந்து தீர்க்கரேகை காண்பவருக்குக் கடிகாரம் ஒரு விநாடி தவறினால், நம் அட்சரேகையில் இடம் சுமார் 460 மீட்டர் தவறும். 27 விநாடியையும் சேர்க்காமலே விட்டிருந்தால் பிழை 12 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய இராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் உள்ள தூரம்.

மாலுமிக்கு உதவிய இந்த விநாடி கணிப்பொறிக்கு வேதனையாயிற்று. அதன் எண்ணிக்கையில் 86,401-க்கு இடமில்லை. ஆகவே மிகை விநாடி வரும்போது அது ஒரே எண்ணை இரண்டு முறை சொல்கிறது. 2017 ஜனவரி 1, உலகப் பொது நேரம் 0 மணிக்கு உரிய எண் 1,483,228,800. அதற்கு முந்திய மிகை விநாடிக்கும் தனி எண் கிடையாது. அந்தக் கணத்தை நடுவே வைத்து இரண்டு நேரங்களைக் கழித்தால் விடை ஒரு விநாடி குறையும். காலம் ஒருபோதும் பின்னோக்கிப் போகாது என்று நம்பி எழுதிய நிரல்கள் அன்று கழித்தலில் எதிர் எண்ணைக் கண்டு திகைத்து நின்றன. 2012 ஜூலை 1 அன்று, நமக்குக் காலை ஐந்தரை மணிக்கு, உலகெங்கும் பல லினக்ஸ் கணிப்பொறிகள் திணறின. ஆஸ்திரேலியாவில் விமானப் பயணிகளின் பதிவு முறை நின்று விமானங்கள் தாமதமாயின. கூகுள் போன்ற நிறுவனங்கள் வேறொரு தந்திரம் செய்தன. அந்த ஒரு விநாடியை ஒரு நாள் முழுவதும் பரப்பி, ஒவ்வொரு விநாடியையும் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சுமார் 11.6 பங்கு நீட்டின. பாலில் நீர் கலப்பது போலத்தான். ஆனால் யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை.

ஜி.பி.எஸ். இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டது. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய அதன் நேரத்தில் மிகை விநாடி சேர்ப்பதில்லை. இன்று அது உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னே நிற்கிறது. கழிக்க வேண்டிய இந்த 18-ஐச் செயற்கைக்கோளே அனுப்புகிறது. முழுச் செய்தியும் வந்து சேர 12½ நிமிடம் ஆகும் என்பதால், நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவி முதல் சில நிமிடங்களில் சில விநாடிகள் பிசகிய நேரத்தைக் காட்டக்கூடும். நாம் சொன்ன விசைப்படகு 18 விநாடியில் 74 மீட்டர் போகும். எல்லைக் கணக்கில் அது பெரிதல்ல. அரை மணிப் பிழையைப் பார்த்த பிறகு இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

2022-இல் எடைகள், அளவுகள் பற்றிய பொது மாநாடு, 2035-க்குள் இந்த ஒரு விநாடி வரம்பைத் தளர்த்துவதென்று முடிவு செய்தது. கடந்த சில ஆண்டுகளாகப் பூமி சற்று விரைந்து சுழல்வதால், ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதில் நீக்க வேண்டி வருமோ என்ற பேச்சும் எழுந்தது. அப்படி இதுவரை ஒருமுறைகூடச் செய்ததில்லை. மிகை விநாடி போனாலும் பழைய 27-உம் பதிவுகளில் இருந்துகொண்டுதான் இருக்கும். இலங்கையின் அரை மணியைப் போல.

தாத்தாவின் நோட்டு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. மாணவர் தம் பட்டியலில் 'யாருடைய கடிகாரம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்தார். மே 24 வரை இரு நாட்டு நேரமும் ஒன்று, சிக்கலில்லை. மே 28 முதல் ரயிலை வைத்துப் பார்த்ததில் இந்திய நேரமே என்று உறுதியாயிற்று. மீன் வரத்து பற்றி எழுதிய பக்கத்தை அவரே கிழித்துப் போட்டார். நடுவில் மூன்று நாட்கள், ஏழு படகுகள். தாத்தா முள்ளை முன்னே தள்ளியது எந்த நிமிடம், பேருந்துக்கு நின்றுவிட்டு வந்து பின்னே திருப்பியது எந்த நிமிடம் என்று நோட்டில் இல்லை. அந்த நாட்களில் ரயிலையும் அவர் குறிக்கவில்லை. அந்த ஏழு வரிகளுக்கு எதிரே மாணவர் எதையும் நிரப்பவில்லை.